ஆவலாதிக் கல்

சார், அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொண்டீர்களானால் நானும் உட்கார்ந்துகொள்வேன். கையில் வாழைத்தார் இருக்கிறது. நின்றுகொண்டிருந்தால் இந்தக் கண்டக்டர் தாருக்கும் சேர்த்து டிக்கெட் கிழிப்பான். ஆங், அப்படித்தான். நல்ல மனுசர்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணம் ஆனவர்தானே நீங்க? அப்படியென்றால் சொல்லுங்க. பெண்டாட்டி மேல் புருசன் என்ன ஆவலாதி சொல்லலாம்? சோற்றில் உப்பு, குழம்பில் புளி, அந்த மாதிரி வேண்டாம். ஊர் கைகொட்டிச் சிரிக்கும். வயிறு எரிந்து சொல்கிற மாதிரி ஒன்று வேண்டும். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வேண்டும்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் மஞ்சள் சேலை, மடியில் தேங்காய்ப் பை. அவள்தான். சண்முகவடிவு. நாம் பேசுவது அங்கே கேட்காது, இந்த மினி பஸ்காரன் போடுகிற பாட்டில் பக்கத்தில் இருக்கிற நீங்களே பாதிதான் கேட்பீங்க. நான் ஊத்துமேடு விலக்கில் இறங்கணும். எனக்குப் பேச ஆரம்பித்தால் விலக்கும் தெரியாது, ஊரும் தெரியாது. அது பற்றிக் கவலையில்லை. அவள் எழுந்து வந்து தோளில் தட்டி "இறங்குங்க" என்பாள். போன வருசத்துக் கோயில் கொடையிலிருந்து என்னோடு அளந்துதான் பேச்சு. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் தவறாது.

ஆவலாதி என்றால் என்ன என்று கேட்கிறீங்களா? மெட்ராஸ் பக்கமா? அப்போது சரிதான். எனக்கும் தெரியாதுங்க. நான் திருச்செங்கோட்டுக்காரன், பேர் அர்த்தநாரி. எங்கள் பக்கம் பிராது என்போம். இந்த வார்த்தையை இந்தக் கரிசல் மண்ணில் வந்துதான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள நாற்பது வருசம் ஆனது. மண்டை மந்தம் என்று நினைக்காதீங்க. வார்த்தை அப்படிப்பட்ட வார்த்தை.

போர்வெல் வண்டியோடு வந்தவன் நான். திருச்செங்கோட்டு வண்டி போகாத ஊர் உண்டா சார்? ஊத்துமேட்டில் கோமதிநாயகம் என்று ஒரு சம்சாரி, இங்கே விவசாயிக்கு அதுதான் பேர், அவர் காட்டில் துளை போட வந்தோம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நானேதான் காடு முழுக்க நடந்து இடம் பார்த்தேன். ஒரு இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது பாருங்க, பம்பரம் மாதிரி! அங்கே போட்டோம். ஐந்நூறு அடி, அறுநூறு அடி, தண்ணீரைக் காணோம். அதற்கும் கீழே போனால் ஆவி வருகிறது! பூமிக்கு அடியில் யாரோ உலை வைத்திருக்கிற மாதிரி. எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? குழி வாயில் ஈரத்துணியைக் கட்டி, மாவை ஊற்றி, இட்லி அவித்தார்கள். மல்லிகைப் பூ மாதிரி இட்லி. ஊரே வரிசையில் நின்று தின்றது. அதற்கப்புறம்தான் தண்ணீர் பீறிட்டது. மேலே போன தண்ணீர் திரும்பிக் கீழே வரவே மறுநாள் ஆகிவிட்டது.

நம்பாவிட்டால் போங்க. தண்ணீர் வந்தது, அது நிசம். கோமதிநாயகத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். "இந்தக் கைராசிக்காரனை விடக்கூடாது" என்று என்னை வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டார். வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பியது, நான் திரும்பவில்லை.

கல்யாணம் முடிந்த வாரம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமனார், "மாப்பிள்ளை மேல ஒரு ஆவலாதியும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத் திக்கென்றது. உள்ளே போனால் இவள் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறாள். "அதென்ன ஆவலாதி?" என்று கேட்டேன். தும்மிக்கொண்டே சொன்னாள்:

"கொறைன்னா மனசுக்குள்ள கெடக்கும். புகாருன்னா டேசனுக்குப் போகும். ஆவலாதின்னா வயிறெரிஞ்சு வாய்விட்டு அழுது சொல்லுதது. அதுக்கு அந்த ஆளு நமக்கு வேணும். வேண்டாதவன் மேல எவன் ஆவலாதி சொல்லுவான்?"

"அப்படின்னா என் மேல் இல்லாதது நல்லதா, கெட்டதா?"

அவள் பதில் சொன்னாளா என்று ஞாபகம் இல்லை. நானும் தும்மிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நல்லதா கெட்டதா என்று பங்குனிக் கொடைக்குத் தெரிந்துபோனது. எங்கள் ஊர்ச் சாமி பேர் செவிசாய்ச்சார். சிலையே அப்படித்தான், தலை இடப்பக்கம் சாய்ந்து, யார் சொல்வதையோ உற்றுக் கேட்கிற மாதிரி இருக்கும். அவருக்கு எதிரே ஒரு கல். ஆவலாதிக் கல். கொடைக்கு முந்தின நாள் சாயங்காலம் அதில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், ஊர்க்காரன் எவன் மேலும் ஆவலாதி சொல்லலாம். சொல்லப்பட்டவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்கணும். வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் பூசாரி இரண்டு பேருக்கும் விபூதி பூசி, ஒரே செம்பில் பானக்கம் கொடுப்பார். அவ்வளவுதான், அதோடு தீர்ந்தது. அப்புறம் அதை எடுத்துப் பேசினால் சாமி குத்தம்.

இதில் என்ன விசயம் என்றால், மறுநாள் சாமி சப்பரத்தில் வருவார் இல்லையா? அந்தச் சப்பரத்தை ஆவலாதி விழுந்தவன்தான் தூக்கணும். "எவன் பேரு என் காதுல விழுந்துருக்கோ அவன் தோளத்தான் எனக்குத் தெரியும்" என்று சாமி ஆதியில் சொல்லிவிட்டாராம். பேர் விழாதவன் விருந்தாளி. விருந்தாளிக்கு முதல் பந்தி உண்டு, சந்தனம் உண்டு, நாற்காலி உண்டு. தோள் கிடையாது.

எனக்கு நாற்காலி போட்டார்கள் சார். "ஏலே, மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்கலே!" முதலில் மடக்கு நாற்காலி. அப்புறம் கைவைத்த மர நாற்காலி. கடைசியில் சிவப்புப் பிளாஸ்டிக். நாற்காலிக்குக்கூட வயசாகி மாற்றிவிட்டார்கள், நான் அதே மாப்பிள்ளை. ஊர் முழுக்க மாப்பிள்ளை. எனக்கு மூத்தவன் மாப்பிள்ளை என்கிறான், என் பேத்தி வயசுக்காரி மாப்பிள்ளைத் தாத்தா என்கிறாள். மாப்பிள்ளை மேல் எவன் ஆவலாதி சொல்வான்?

விட்டேனா நான்? பக்கத்துக் காட்டுக்காரன் வெயிலுமுத்து. அவன் முறைத் தண்ணீரைப் பட்டப்பகலில், அவன் கண் முன்னால் என் வாய்க்காலுக்குத் திருப்பினேன். மிளகாய்ச் செடி வாடித் தலை தொங்கிவிட்டது. கம்பைத் தூக்கிக்கொண்டு வருவான் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். வந்தான். "அதனால என்ன, மாப்பிள்ளைக்குப் போவ மிச்சந்தான் எங்களுக்கு" என்று சொல்லி, பிழைத்த செடியில் காய்த்த மிளகாயை ஒரு மூட்டை கட்டி வீட்டில் இறக்கிவிட்டுப் போனான்.

அவன் மகள் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிப் பாயசம் தீர்ந்துபோனது என்று அறிவித்தேன். அண்டா விளிம்பு தட்ட இருந்தது பாயசம். பாதிப் பந்தி எழுந்து பஸ் ஏறிவிட்டது. வெயிலுமுத்து என்ன சொன்னான் தெரியுமா? "மாப்பிள்ளை வெளையாட்டுக்காரரு." மீந்த பாயசம் அத்தனையும் என் வீட்டுக்கு வந்தது. குடித்தோம், குடித்தோம், மாட்டுக்கும் வைத்தோம். ஒரு வாரம் மாடு சர்க்கரை போடாமலே இனிக்கிற பால் கறந்தது.

அவனுடைய வெள்ளைக் காளைக்குச் சொட்டு நீலம் பூசினேன். கண்ணன் நிறம் என்று ஊரே அதற்கு மாலை போட்டுக் கும்பிட்டது. எனக்கு ஒரு மாலை.

இவளிடமும் கெஞ்சிப் பார்த்தேன். "வடிவு, நீயாவது கல்லில் ஏறி ஒன்று சொல்லேன். பெண்டாட்டி சொன்னாலும் செல்லும் என்கிறார் பூசாரி." நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். "நான் சொல்ல ஆரம்பிச்சா சாமிக்குக் கழுத்து வலிக்கும்" என்பாள். போய்விடுவாள். ஒன்றும் இல்லாததால்தான் அப்படிச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். என்ன இருக்கும் சார் அவளுக்கு? நான் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை.

போன வருசம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பூசாரி, "ஆவலாதி உண்டா?" என்று கூப்பிட்டதும் நானே கல்லில் ஏறினேன்.

"யாரு மேல, மாப்பிள்ளை?"

"என் மேல்."

பூசாரி தலையைச் சொறிந்தார். "தன் மேல தானே சொல்ல வழக்கம் இல்லையே."

"வழக்கத்தை மாற்றுங்க. தண்ணீரைத் திருப்பியவன் யார்? நான். பாயசத்தில் பொய் சொன்னவன்? நான். காளைக்கு நீலம்? நான்தான்!"

கீழேயிருந்து வெயிலுமுத்து என்ன சொல்கிறான்? "மாப்பிள்ளைக்கு வெயில் தலைக்கேறிட்டு. ஏலே, அந்த நாற்காலியக் கொண்டாங்கலே."

எனக்குக் கண் சிவந்துவிட்டது. இறங்கினேன், சிவப்பு நாற்காலியைத் தூக்கினேன், ஒரே வீச்சு, ஊருணி நடுவில் போய் விழுந்தது. விழுந்ததா, முங்கித் தொலைய வேண்டியதுதானே? நாலு காலையும் மேலே நீட்டிக்கொண்டு மிதக்கிறது.

"இப்போது சொல்லுங்கடா ஆவலாதி!" என்றேன்.

"பழைய நாற்காலிதான, மாப்பிள்ளை" என்றான் வெயிலுமுத்து. "புதுசு வாங்கிப் போடுதோம்."

திரும்பிப் போய்க் கல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "எனக்குத் தோள் தருகிற வரை இறங்க மாட்டேன். சாமியும் வேண்டாம், சப்பரமும் நகர வேண்டாம். எவன் தூக்குகிறான் பார்க்கிறேன்." சொன்னேன் சார், அப்படியே சொன்னேன். பூசாரி கையைப் பிசைகிறார். மேளக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து இவள் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இறங்குங்க" என்றாள். இதே குரல்தான், பஸ்ஸில் சொல்கிற அதே "இறங்குங்க". பழக்கதோசத்தில் இறங்கிவிட்டேன். அவள் ஏறிவிட்டாள்.

"சாமி, நான் கோமதிநாயகம் மக வடிவு. உமக்கு என்னயத் தெரியாது. எம் பேரு உம்ம காதுல ஒரு நாளும் விழுந்ததில்ல. இந்தா நிக்காகளே, இவுக மேல எனக்கு ஆவலாதி."

கையைக் கட்டிக்கொண்டேன். என் நெஞ்சு அடித்த அடியில் மேளமே தேவையில்லை.

"இவுக இந்த ஊருக்கு வந்தப்ப தேங்காய வச்சுக்கிட்டுக் காடு பூராம் அலைஞ்சாக. தேங்கா ஆடவே இல்ல. கரையான் புத்துக்குக் கீழ்ப்பக்கம் போட்டுப் பாருங்கன்னு காட்டிக் குடுத்தது நான். தண்ணி வந்துச்சு. அந்தக் கதைய இவுக சந்தையில சொல்லிருக்காக, எழவு வீட்டுல சொல்லிருக்காக, பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுல எவன் உக்காந்தாலும் சொல்லிருக்காக. அதுல நான் உண்டா? இட்லி உண்டு, நான் இல்ல!"

அது ஒரு சின்ன விசயம் சார். கதையில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் வாய் திறக்கக் கூடாதே.

"எம் பிள்ளைய ஆஸ்பத்திரியில பெத்தேன். இவுக வாசல்ல வாட்ச்மேன்கிட்டக் கதை சொல்லிட்டிருந்தாக. பிள்ளை அழுத சத்தம் கேட்டு வாட்ச்மேந்தான் சாமி மொதல்ல ஓடியாந்து பாத்தான்!

"எனக்குக் கண்ணுல பொரை வந்து ஆப்பரேசன் பண்ணி, பச்சைத் துணி கட்டிப் படுத்துக் கெடந்தேன். இவுக வந்து, 'வடிவு, என் கண்ணாடியப் பாத்தியா?'ன்னு கேட்டாக."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிப்போனது. பிறகும் சொன்னாள். வெயில் தாழ்ந்தது, இவள் குரல் தாழவில்லை. என்ன கோர்வை, என்ன குரல்! நடுவில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அத்தனை ஆவலாதிக்கும் உரியவன் நான் ஒருத்தன்! வெயிலுமுத்து மேல் அவன் தம்பி சொன்னதெல்லாம் கட்டிலைத் திருப்பித் தரவில்லை என்று ஒரு வரி ஆவலாதி. எனக்கு நாற்பது வருசத்து ஆவலாதி. சுற்றி நின்றவர்களைப் பார்த்து நிமிர்ந்தேன். கேட்டுக்கோங்கடா என்று.

கடைசியில் குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

"ஊரெல்லாம் போய், 'என் மேல ஆவலாதி சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு கெஞ்சுதாக. வீட்டுல நான் ஒருத்தி இருக்கேனே. என் மேல இவுக ஒரு ஆவலாதி சொன்னதுண்டா? கொற சொல்லணும்னாலும் ஒரு ஆளத் திரும்பிப் பாக்கணும்லா, சாமி?"

இறங்கினாள். பூசாரி விபூதி பூசினார். பானக்கச் செம்பை இவள்தான் முதலில் வாங்கிக் குடித்தாள், மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். வெல்லம் கூடிப்போயிருந்தது என்று நினைக்கிறேன், எனக்கு ஒரு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. நிமிர்ந்து சாமியைப் பார்த்தால், சார், சத்தியமாகச் சொல்கிறேன், இடப்பக்கம் சாய்ந்திருந்த தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது! ஒரே பக்கமாகக் கேட்டுக் கழுத்து வலித்திருக்கிறது. மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. ஊரில் ஒருத்தனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

மறுநாள் சப்பரம் தூக்கினேன். முன் கட்டை, வலப்பக்கம். இந்தச் சட்டையை விலக்கிப் பாருங்க, இந்தக் காய்ப்பு தெரிகிறதா? அதுதான். மடத்துத் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறினேன். பின்னாலிருந்து வெயிலுமுத்து கத்தினான், "ஏ அர்த்தநாரி! குனிஞ்சு தூக்கும்வே, கூறுகெட்ட மனுசா!"

கூறுகெட்ட மனுசா! கேட்டீங்களா? நாற்பது வருசத்தில் முதல் முறை. அன்றைக்குத்தான் சார் எனக்கு ஊர் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, "பார்த்தாயா வடிவு, எப்படித் தூக்கினேன்!" என்றேன். சோற்றைப் போட்டுக்கொண்டே, "வாற கொடைக்கு நீங்க கல்லுல ஏறணும்" என்றாள்.

"நானா? யார் மேல்?"

"என் மேல."

"உன் மேல் எனக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையே."

"தேடுங்க" என்றாள். "அது வரைக்கும் சோறு கெடைக்கும். பேச்சு கெடைக்காது."

தேடினேன் சார். இந்த ஒரு வருசமாக அதுதான் வேலை. அவள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பாத்திரம் துலக்கும்போது பாடுகிறாள். எத்தனையோ பாட்டுத் தெரியும் போலிருக்கிறது, எங்கே கற்றுக்கொண்டாளோ. கடைசித் தோசை எப்போதும் பிய்ந்ததுதான், அதுதான் அவள் தட்டுக்கு. படி இறங்கும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். ஒன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவீங்க: அவள் இடது கைக்காரி! காம்பு கிள்ளுவது, கோலம் போடுவது, எல்லாம் இடது கை. நாற்பது வருசமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை பாருங்க.

ஆனால் இதெல்லாம் ஆவலாதி ஆகுமா? இடது கையால் கோலம் போடுகிறாள் என்று சாமியிடம் போய் அழ முடியுமா? வயிறு எரிய வேண்டாமா? என் வயிறு எரியவே மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பூசாரி, "ஆவலாதி உண்டா?" என்று கூப்பிடுவார். ஊர் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். அவளும் பார்ப்பாள். நான் வாயடைத்து நிற்கணும். வாயடைத்து நிற்கிறவனா நான்? பொய்யாக ஒன்று சொல்லலாம்தான், பொய்க்கா எனக்குப் பஞ்சம்? ஆனால் கல்லில் ஏறிப் பொய் சொன்னால் செல்லாது. அதோடு, அவளுக்குத் தெரிந்துவிடும்.

நீங்களும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீங்க. படித்தவர், நாலு ஊர் பார்த்தவர் என்றுதானே இவ்வளவு நேரம் தொண்டை வற்றச் சொன்னேன்?

என்ன, விசில் கொடுக்கிறான்? இது எந்த இடம்? புளியமரம், குடிதண்ணீர்த் தொட்டி... சார், இது எங்கள் விலக்கு இல்லையா? இல்லையே, அவள் இன்னும் வந்து தட்டவில்லையே. எங்கே அவள்? சீட்டு காலி! இறங்கிவிட்டாளா?

அந்தா நிற்கிறாள் ரோட்டில்! தேங்காய்ப் பையை இடது கையில் பிடித்துக்கொண்டு, பஸ்ஸையே பார்த்துக்கொண்டு! சார், என்னைப் பார்க்கிறாள்! பார்த்துக்கொண்டு கூப்பிடவில்லை! சிரிக்கிறாள் பாருங்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்!

நிறுத்தப்பா! ஏ கண்டக்டர், நிறுத்து! கட்டின புருசன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தும், ஒரு தட்டுத் தட்டாமல், ஒரு "இறங்குங்க" சொல்லாமல், என்னை விட்டுவிட்டு இறங்கிப் போகிறாள்! எப்படி மனசு வந்தது அவளுக்கு? எரிகிறது சார், எரிகிறது, வயிறு பற்றிக்கொண்டு எரிகிறது! கிடைத்துவிட்டது! அந்தத் தாரை இப்படி எடுங்க, தள்ளுங்க, தள்ளுங்க.

ஏ வடிவு! நில்லு அங்கேயே! சாயங்காலம் இருக்கு உனக்கு!